பிரஷர் வாஷர் குவிக் கப்ளர் தொல்லைகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

"பம்பு போச்சு" என்று சர்வீஸுக்கு வரும் பிரஷர் வாஷர்களில் நிறைய மெஷின்களுக்குப் பம்பில் ஒரு குறையும் இருப்பதில்லை. தண்ணீர்க் குழாயிலிருந்து நாசில் முனை வரை ஏழெட்டு இணைப்புகள் இருக்கின்றன. அதில் ஒன்று காற்றை இழுக்கும், ஒன்று ஒழுகும், ஒன்று அளவு பொருந்தாமல் பெயருக்கு உட்கார்ந்திருக்கும். பம்பைப் பிரிக்கும் முன் இணைப்புகளைப் பாருங்கள். கீழே அறிகுறி வாரியாக, செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு வைக்கும் காரணம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறது. உங்கள் மெஷின் காட்டும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பத்தியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

கை வைக்கும் முன்

மோட்டாரை நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர்க் குழாயை மூடுங்கள். பிறகு கன்னைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, பீய்ச்சல் அடங்கிச் சொட்டுவது நிற்கும் வரை டிரிக்கரை அழுத்திப் பிடியுங்கள். மோட்டார் நின்றாலும் ஹோஸுக்குள் அழுத்தம் அப்படியேதான் நிற்கும். டிரிக்கரை அழுத்தினால்தான் அது வெளியேறும்.

ஒழுகும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பது கூடவே கூடாது. 100 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேலான மெல்லிய பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது, உள்ளே தசை அழுகும் அளவுக்குச் சேதம் ஆகியிருக்கும். அப்படி நேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், "அதிக அழுத்தத் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.

பெயர்கள், அளவுகள்

குவிக் கப்ளர் என்பது ஸ்பானர் இல்லாமல் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பு. அதில் இரண்டு பாகம். உள்ளே நுழையும் முனை பிளக். அதை வாங்கிக்கொள்ளும் முனை சாக்கெட். பின்னால் இழுக்கும் வளையம் ஸ்லீவ். ஸ்லீவுக்குள் சின்னப் பால்ரஸ் குண்டுகள் இருக்கும். அவை பிளக்கின் பள்ளத்தில் விழுந்து பூட்டும். சாக்கெட்டுக்குள் ஓர் ஓ-ரிங் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அதுதான். பூட்டுவது குண்டு, அடைப்பது ரிங். "நன்றாகப் பூட்டிவிட்டேனே, ஏன் ஒழுகுகிறது?" என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நாசில் மாட்டும் இடத்தில் பெரும்பாலும் 1/4 இஞ்ச் கப்ளர். பம்பு வெளிவாய்க்கும் ஹோஸுக்கும் 3/8 இஞ்ச். பல மெஷின்களில் ஹோஸ் முனை எம்22 என்ற 22 மில்லி மரை நட்டாக இருக்கும். கார்ச்சர், போஷ் போன்றவற்றின் வீட்டு மாடல்களில் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய பூட்டு இருக்கும். அவற்றுக்கு அடாப்டர் போட்டுத்தான் பொதுக் கப்ளருக்கு வர முடியும்.

## அறிகுறி: இணைப்பில் தண்ணீர் ஒழுகுகிறது

முதலில் எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்யுங்கள். பீய்ச்சும்போது எல்லாமே நனைந்துவிடுவதால் கண் ஏமாற்றும். இணைப்பைத் துணியால் நன்றாகத் துடையுங்கள், மெஷினை ஓட விடுங்கள், இரண்டடி தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

### பிளக்கும் சாக்கெட்டும் சேரும் வாயில் வந்தால்

*மண்.* கழற்றி இரண்டு முனையையும் கழுவுங்கள். ஹோஸைத் தரையில் போட்டு இழுப்பவர்களுக்கு இதுவே பாதி நாள் காரணம். ஒரு மணல்துகள் ரிங்குக்கும் பிளக்குக்கும் நடுவில் நின்றால் போதும்.

*ஓ-ரிங்.* சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ரிங்கில் வெட்டு இருக்கிறதா, ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறதா, நகத்தால் அழுத்தினால் ரப்பர் போல அமுங்குகிறதா அல்லது பிளாஸ்டிக் போல விறைப்பாக இருக்கிறதா? வெட்டு, தட்டை, விறைப்பு, இதில் எது இருந்தாலும் மாற்றுங்கள். பழையதை ஊக்கால் குத்தி எடுக்காதீர்கள். பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது ரிங்கும் ஒழுகும். பல்குத்தும் குச்சி போதும். புது ரிங்கை அவரைக்காய் போல மடித்து உள்ளே விட்டு, பள்ளத்துக்கு நேராக வந்ததும் விரலை எடுத்தால் தானே விரிந்து உட்காரும். சுண்டுவிரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். எங்கும் மேடு தட்டக்கூடாது. சிலிக்கான் கிரீஸ் ஒரு மிளகளவு தடவினால் பிளக் நுழையும்போது ரிங் சுருண்டு வெட்டுப்படாது.

சில சாக்கெட்டுகளில் ரிங்குக்குப் பக்கத்தில் வெள்ளை டெஃப்லான் வளையம் ஒன்று இருக்கும். அது எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துவைத்து அதே பக்கம் போடுங்கள். அழுத்தத்தில் ரிங் பிதுங்காமல் அண்டைகொடுப்பது அதன் வேலை.

ரிங் வாங்கப் போகும்போது பழைய ரிங், சாக்கெட், பிளக் மூன்றையும் கொண்டுபோங்கள். நசுங்கிய பழைய ரிங்கை மட்டும் வைத்து அளவு சொன்னால் மெலிந்த ரிங்தான் கைக்கு வரும். வெந்நீர் ஓடும் மெஷின் என்றால் விட்டான் ரிங் கேளுங்கள். சாதாரணக் கறுப்பு நைட்ரைல் ரிங் வெந்நீரில் சீக்கிரம் விறைத்துவிடும்.

*பிளக்கின் முகம்.* ரிங் புதிது, இன்னும் ஒழுகுகிறது என்றால் பிளக்கின் உருளைப் பகுதியில் நகத்தை ஓட்டுங்கள். கீறலில் நகம் சிக்கினால், துருப்புள்ளி சொரசொரவென்று தட்டினால், எத்தனை ரிங் போட்டாலும் அடுத்த வாரம் வெட்டுப்படும். மெலிதான துரு என்றால் நீரில் நனைத்த 1000-ம் நம்பர் எமரித் தாளால் சுற்றுவாக்கில் தேய்த்துப் பார்க்கலாம். ஆழமான கீறல் என்றால் பிளக்கை மாற்றுங்கள். முலாம் பூசிய இரும்புப் பிளக்குகள் முலாம் போனதும் இப்படித்தான் ஆகும். உப்புத் தண்ணீர் போர் உள்ள இடங்களில் தொடக்கத்திலேயே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளக் வாங்கிவிடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அது தேயும் முன் இரும்பில் மூன்று வாங்கியிருப்பீர்கள்.

### பின்பக்க மரையில் வந்தால்

டெஃப்லான் டேப் பழசாகியிருக்கலாம். கழற்றிப் பழைய டேப்பை முழுக்கச் சுரண்டி எடுங்கள். மரை முனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் மூன்று நான்கு சுற்று இழுத்துச் சுற்றுங்கள். *முதல் மரையை வெறுமனே விடுங்கள்.* முனையைத் தாண்டி டேப் தொங்கினால் அது பிய்ந்து நேராகப் போய் நாசில் துளையில் உட்காரும். அடுத்த நாள் "பிரஷர் இல்லை" என்று புதுப் புகார் வரும்.

டேப் சரியாக இருந்தும் ஒழுகினால் மரை வகை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் அளவு மரை. இணையத்தில் வாங்கும் வெளிநாட்டுக் கப்ளர்கள் பல என்.பி.டி. என்ற அமெரிக்க அளவு மரை. 1/4, 3/8 அளவுகளில் பி.எஸ்.பி.க்கு ஓர் இஞ்சுக்கு 19 மரை, என்.பி.டி.க்கு 18, எனவே இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகிக் காட்டிக்கொடுத்துவிடும். அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும்தான் ஆபத்து. இரண்டுக்குமே 14 மரை என்பதால் வழுவழுவென்று ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றொன்றில் 60. கண்ணுக்குப் பொருந்தியது போலிருக்கும், அழுத்தம் ஏறியதும் ஒழுகும். இதை டேப்பால் அடைக்க முயலாதீர்கள். சரியான மரைக்கு மாற்றுங்கள்.

எம்22 நட்டிலும், வாஷர் வைத்து அடைக்கும் நேர் மரைகளிலும் டேப் சுற்றவே கூடாது. அங்கே அடைப்பது ரிங்கும் வாஷரும்தான். டேப் சுற்றினால் நட்டு கடைசிவரை போகாமல் நின்று, ரிங் தன் இடத்துக்கே வராது.

பம்பு வெளிவாய் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் என்றால் பைப் ரெஞ்ச் போட்டு இறுக்காதீர்கள். கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று, அவ்வளவுதான். அங்கே மரை கழன்றாலோ விரிசல் விட்டாலோ பம்பு தலையை மாற்ற வேண்டிவரும். ஏற்கெனவே மரை வழுக்குகிறது என்றால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். எம்-சீல் வைத்து ஒட்டிய இணைப்பு 100 பாரில் தோட்டாவாகப் பறக்கும்.

### எம்22 நட்டைச் சுற்றி வந்தால்

இதில் ஒரு பொறி இருக்கிறது. எம்22 என்பது வெளிமரையின் அளவு மட்டும்தான். நட்டுக்கு நடுவில் நீட்டியிருக்கும் மூக்கு 14 மில்லியிலும் வருகிறது, 15 மில்லியிலும் வருகிறது. மரை இரண்டுக்கும் ஒன்றே. 14 மூக்கை 15 துளையில் மாட்டினால் நட்டு அழகாக இறுகும், தண்ணீர் சுற்றிலும் குடை விரித்தது போலத் தெறிக்கும். 15 மூக்கு 14 துளைக்குள் நுழையவே நுழையாது. பலவந்தமாக இறுக்கினால் ரிங் துண்டுதுண்டாகும்.

அளவெடுக்கும் வெர்னியர் இல்லாதவர்களிடம்கூட 14-15 ஸ்பானர் இருக்கும். நட்டைப் பின்னால் தள்ளி மூக்கை வெளியே எடுங்கள், ரிங்கைக் கழற்றுங்கள், 14 வாயை மூக்கின் மேல் வையுங்கள். நுழைந்தால் 14. நுழையாமல் 15 வாய் மட்டும் நுழைந்தால் 15. எதிர்முனையின் துளையையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு என்றால் 14-க்கு 15 மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். பெரிய ரிங் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள்.

இரண்டும் பொருந்தியும் கசிந்தால் ரிங்கை மாற்றுங்கள். நட்டைக் கையால் இறுக்கினாலே போதும். கையால் இறுக்கி நிற்காத எம்22, ஸ்பானரால் இறுக்கினாலும் நிற்காது.

### ஹோஸை பிரஸ் செய்த உலோகக் குப்பியில் வந்தால்

இதற்கு வீட்டில் மருந்து கிடையாது. ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குவது, கம்பி சுற்றுவது எதுவும் உதவாது. ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்யும் கடைக்குக் கொண்டுபோய், கெட்ட முனையை வெட்டிப் புது முனை பிரஸ் செய்யச் சொல்லுங்கள். ஹோஸ் அரையடி குறையும், அவ்வளவுதான். வேறெங்காவது மேல்தோல் பிளந்து கம்பிப் பின்னல் தெரிந்தால் முழு ஹோஸையே மாற்றுங்கள்.

## அறிகுறி: கப்ளர் கழற்ற வரவில்லை

ஹோஸுக்குள் அழுத்தம் நிற்கிறது என்பதுதான் பத்தில் எட்டு முறை காரணம். அழுத்தம் பிளக்கை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். குண்டுகள் பள்ளத்தில் நசுங்கி நிற்பதால் ஸ்லீவ் அசையாது. டிரிக்கரை மறுபடி அழுத்துங்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் அடைபட்ட தண்ணீர் சூடாகி விரிந்து, காலையில் விடுவித்த அழுத்தம் மதியத்தில் மறுபடி ஏறியிருக்கும். எனவே கழற்றும் நேரத்தில் ஒருமுறை டிரிக்கரை அழுத்துங்கள்.

அழுத்தம் போயும் வரவில்லை என்றால், இழுக்காமல் முதலில் *உள்ளே தள்ளுங்கள்*. பிளக்கைச் சாக்கெட்டுக்குள் அழுத்திப் பிடித்தபடி ஸ்லீவைப் பின்னால் இழுங்கள். குண்டுகளுக்கு மேலிருக்கும் சுமை குறைந்து ஸ்லீவ் வழிவிடும்.

அதற்கும் மசியவில்லையா? ஸ்லீவ் இடுக்கில் மண் அல்லது உப்புப் படிவு. வெதுவெதுப்பான தண்ணீரை இணைப்பின் மேல் ஊற்றி, ஸ்லீவை இடமும் வலமுமாகத் திருகுங்கள். வெள்ளைப் படிவு தெரிந்தால் வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் சுற்றி வையுங்கள். இரவு முழுக்க ஊறவிடக் கூடாது. பித்தளையை அது அரிக்கும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இரும்புப் பிளக் துருப்பிடித்துச் சாக்கெட்டோடு ஒட்டியிருந்தால் துருநீக்கும் ஸ்பிரே அடித்து ஒருமணி நேரம் விடுங்கள்; கழன்ற பிறகு ரிங்கைக் கட்டாயம் மாற்றுங்கள்.

ஸ்லீவின் மேல் பைப் ரெஞ்சோ சுத்தியலோ வேண்டாம். அது மெல்லிய பித்தளைச் சட்டை. ஒருமுறை நசுங்கி முட்டை வடிவமானால் அதன் பிறகு எப்போதும் சிக்கிக்கொண்டே இருக்கும்.

டிரிக்கரை அழுத்தியும் தண்ணீர் வரவே இல்லை, இணைப்பும் கழலவில்லை என்றால் கன் வால்வோ நாசிலோ அடைத்து, அழுத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது என்று பொருள். இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இதை மெக்கானிக்தான் திறக்க வேண்டும்.

## அறிகுறி: மாட்டினால் நிற்கவில்லை, அல்லது நாசில் கழன்று பறக்கிறது

கழன்று பறக்கும் நாசில் பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடியை உடைக்கும், எதிரே நிற்பவர் கண்ணையும் போக்கும். எனவே "இன்னும் ஒரு கார் மட்டும்" என்று தொடராதீர்கள்.

முதலில் மாட்டும் முறை. ஸ்லீவைப் பின்னால் இழுத்து, பிளக்கை முட்டும் வரை தள்ளி, ஸ்லீவை விட்டதும் அது தானாக முன்னே குதிக்க வேண்டும். பிறகு நாசிலைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். "டக்" என்ற சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். குண்டு பாதிப் பள்ளத்தில் விழுந்தாலும் அந்தச் சத்தம் வரும்.

ஸ்லீவ் முழுதாக முன்னே வரவில்லை என்றால் மண் அல்லது உள் ஸ்பிரிங். கழுவிப் பாருங்கள். அப்படியும் சோம்பலாக வந்தால் சாக்கெட்டை மாற்றுங்கள்.

அடுத்தது தவறான ஜோடி. இதுதான் மிகவும் கவலைக்குரியது. ஏர் கம்ப்ரசர் வேலைக்கு விற்கும் காற்றுக் கப்ளர் பார்ப்பதற்கு இதே போலத்தான் இருக்கும், விலையும் குறைவு. அது தாங்குவது 10 முதல் 15 பார். வீட்டு வாஷரின் அழுத்தமே 100 பாருக்கு மேல். மாட்டிய உடனே போகாமல் சில நாள் தாங்கிவிட்டு, ஒருநாள் கையில் பிடித்திருக்கும்போது பிரியும். கப்ளர் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். எண்ணே இல்லாத கப்ளரை வாங்காதீர்கள். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ.; 150 பார் மெஷினுக்கு 2175 பி.எஸ்.ஐ. ஆகிறது, அதற்கு 3000-க்குக் குறையாமல் போட்ட கப்ளர் வேண்டும். வரிசையில் எல்லாம் 4000 தாங்கினாலும் நடுவில் ஒன்று 1500 என்றால் உங்கள் மெஷின் தாங்குவது 1500தான்.

கடைசியாகத் தேய்மானம். பிளக் பள்ளத்தின் ஓரத்தை நகத்தால் தொட்டுப் பாருங்கள். புதியதில் ஓரம் கூர்மையாக இருக்கும். தேய்ந்ததில் ஓரம் உருண்டு, குண்டு உட்கார்ந்த இடங்களில் பளபளவென்று குழி தெரியும். மாட்டிய பிறகு பக்கவாட்டில் ஆட்டினால் கடகடவென்று ஆடும். அந்த நிலையில் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுச் சாக்கெட்டில் பழைய பிளக் போட்டால் புதியதும் சீக்கிரம் கெடும்.

## அறிகுறி: கன்னை விட்ட பிறகும் மோட்டார் விட்டு விட்டு ஓடுகிறது

டிரிக்கரை விட்டால் தானாக நிற்கும் மின் மெஷின்களில் இது வரும். ஐந்து பத்து நொடிக்கொரு முறை மோட்டார் "டுர்ர்" என்று ஒரு நொடி ஓடி நிற்கும். பெல்ட் போட்ட பெரிய மெஷின்களில் அன்லோடர் வால்வு (கன்னை மூடியதும் தண்ணீரைப் பம்பின் உள்பக்கத்துக்கே திருப்பிவிடும் வால்வு) டக்டக்கென்று அடித்துக்கொள்ளும். பிரஷர் ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று அதை மாற்றிவிட்டு, அதே கோளாறோடு திரும்ப வருபவர்கள் உண்டு.

அடைத்த ஹோஸில் அழுத்தம் மெதுவாக இறங்குகிறது, அதனால் மெஷின் அதை மறுபடி ஏற்றுகிறது. எனவே எங்கோ ஒரு சொட்டுக் கசிவு இருக்கிறது. அதைப் பிடிக்கச் செய்தித்தாள் போதும். எல்லா இணைப்புகளையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் செய்தித்தாள் துண்டை ஒரு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். மெஷினைப் போட்டு, டிரிக்கரைத் தொடாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு நிறுத்தி, எந்தத் தாள் கருத்திருக்கிறது என்று பாருங்கள். அதுதான் இடம். மேலே சொன்ன ஒழுகல் வழிமுறைக்குப் போங்கள்.

எல்லாத் தாளும் காய்ந்திருக்கிறது, ஆனால் நாசில் முனையில் சொட்டு விழுகிறது என்றால் கன் வால்வு. கன்னுக்குள் இருக்கும் குண்டும் அது உட்காரும் சீட்டும் தேய்ந்திருக்கும். விலை குறைந்த கன் என்றால் பழுது பார்க்காமல் மாற்றுவதே லாபம்.

எங்குமே ஈரமில்லை, நாசிலும் காய்ந்திருக்கிறது என்றால் கசிவு பம்புக்குள். அன்லோடரோ அதையொட்டிய செக் வால்வோ (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) காரணம். பம்பு வெளிவாயில் அதன் அழுத்தத்துக்கு ஏற்ற பால் வால்வு ஒன்று வைத்திருந்தால் இதை ஒரு நிமிடத்தில் உறுதிசெய்யலாம்: வால்வை மூடுங்கள், துடிப்பு நின்றால் கோளாறு வெளியே, தொடர்ந்தால் உள்ளே. உள்ளே என்றால் மெக்கானிக். அந்தப் பால் வால்வு எப்போதும் அன்லோடருக்குப் *பிறகு* தான் இருக்க வேண்டும். பம்புக்கும் அன்லோடருக்கும் நடுவில் வைத்து மூடினால் பம்புக்கு மூச்சுவிட வழியில்லாமல் ஏதாவது ஒன்று வெடிக்கும்.

## அறிகுறி: ஒழுகல் இல்லை, ஆனால் பிரஷரும் இல்லை

### பீய்ச்சல் துடித்துத் துடித்து வந்தால், பம்பு சத்தம் கரகரத்தால்

தண்ணீரோடு காற்றும் போகிறது. உள்வாய்ப் பக்கம் பாருங்கள்.

தண்ணீர் போதுமா என்பது முதல் சோதனை. மெஷினிலிருந்து ஹோஸைக் கழற்றி 10 லிட்டர் வாளியில் விடுங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் இழுக்கும் வீட்டு மெஷினுக்கு அந்த வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். மெஷின் தகட்டில் 360 என்று மணிக் கணக்கில் போட்டிருந்தால் 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மேல்தொட்டித் தண்ணீரில் ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் கிடைக்கும். ஒரு மாடி வீட்டில் அதில் பாதிதான். அந்த அழுத்தத்தில் மெல்லிய ஹோஸும் நீள ஹோஸும் தண்ணீரைக் கொல்லும். அரை இஞ்சுக்குக் குறையாத ஹோஸ் போடுங்கள்.

அடுத்து உள்வாய் வலையைக் கழற்றிக் கழுவுங்கள். தொட்டிப் பாசி அதில் களிம்பு போல அப்பியிருக்கும்.

பிறகு தோட்டக் குழாய்க் கிளிக் கனெக்டர். அதில் ஒருவகை, கழற்றினால் தண்ணீர் தானாக நிற்கும் வகை. உள்ளே இருக்கும் சின்ன வால்வு ஓட்டத்தைக் குறைக்கும். வாஷர் உள்வாயில் அது வேண்டாம், திறந்த வகை போதும்.

டிரம்மிலிருந்தோ வாளியிலிருந்தோ உறிஞ்சி ஓட்டினால் கிளிக் கனெக்டரையே தவிர்க்க வேண்டும். அதன் ரிங் உள்ளிருந்து தள்ளும் தண்ணீரைத் தடுக்கச் செய்தது. உறிஞ்சும்போது அழுத்தம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. தண்ணீர் ஒழுகாத அதே இணைப்பு காற்றை இழுக்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது என்பதால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் பம்பைப் பிரிக்கிறார்கள். மெஷின் ஓடும்போது இணைப்பின் மேல் சவர நுரையை அப்புங்கள். நுரையில் குழி விழுந்து உள்ளே போனால் அங்கேதான் காற்று ஏறுகிறது. தட்டை ரப்பர் வாஷரோடு மரையில் இறுகும் கனெக்டருக்கு மாறுங்கள். ஹோஸை முழுக்கத் தண்ணீரால் நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள், வலை போட்ட முனை டிரம்மில் முழுகியே இருக்கட்டும்.

### ஒரே சீராகக் குறைவாக வந்தால்

நாசிலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளையைப் பாருங்கள். டேப் நார், ஓ-ரிங் துணுக்கு, உப்புத்துகள் என்று ஏதாவது ஒட்டியிருக்கும். மெல்லிய கம்பியால் குத்தி, பின்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். ரிங் துணுக்கு கிடைத்தால் எந்தக் கப்ளரில் ரிங் குறைந்திருக்கிறது என்று தேடுங்கள்; அடுத்து ஒழுகப்போவது அதுதான்.

புது நாசில் மாற்றிய அன்றே குறைந்தது என்றால் நாசில் நம்பர் பெரிதாகிவிட்டது. நிறம் விசிறலின் கோணத்தை மட்டும் சொல்லும்: சிவப்பு 0, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 பாகை, கறுப்பு சோப்புக்கு. துளை அளவைச் சொல்வது அதன் மேல் பொறித்த எண். நிமிடத்துக்கு 6 லிட்டர், 110 பார் மெஷினுக்குப் பொருந்துவது 025. அதில் 040 போட்டால் அழுத்தம் ஏறக்குறைய 43 பாருக்கு விழும். பம்பின் மேல் ஒரு தவறும் இல்லை. 15 லிட்டர், 150 பார் ஓட்டும் சர்வீஸ் ஸ்டேஷன் மெஷினுக்கு 055 பக்கம் வரும். தேய்ந்த நாசிலும் பெரிய நாசிலைப் போலத்தான். பழையது என்றால் அதே எண்ணில் புதியதைப் போட்டுப் பாருங்கள்.

நாசிலும் சரி, தண்ணீரும் சரி, காற்றும் இல்லை என்றால் பம்பு வால்வு, சீல், அன்லோடர் என்று உள்ளே போக வேண்டும். எண்ணெய்க் கண்ணாடியில் எண்ணெய் பால் நிறமாகத் தெரிந்தாலோ பம்பு வயிற்றுக்கடியில் சொட்டினாலோ மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: சரிசெய்தாலும் மாதாமாதம் அதே இடத்தில் கெடுகிறது

இது ரிங்கின் குற்றமில்லை. இணைப்புகளை அடுக்கியிருக்கும் விதம் தவறு.

பம்பு வெளிவாயில் எம்22 அடாப்டர், அதன் மேல் 3/8 பிளக், அதன் மேல் சாக்கெட், பிறகு ஒரு எல்போ என்று கை நீளத்துக்கு அடுக்கியிருந்தால், ஹோஸின் எடையும் ஒவ்வோர் இழுப்பும் கடப்பாரை போல முதல் மரையில் போய் விழும். அடாப்டர்களைக் குறையுங்கள். இரண்டு அடாப்டர் செய்யும் வேலைக்கு ஒரே அடாப்டர் கிடைக்கும், தேடி வாங்குங்கள். முடியாவிட்டால் பம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் துண்டு ஹோஸ் விட்டு, அதன் மறுமுனையைச் சுவரிலோ வண்டிச் சட்டத்திலோ கிளாம்ப் போட்டு நிறுத்தி, நீள ஹோஸை அங்கே மாட்டுங்கள். இழுப்பு கிளாம்போடு நின்றுவிடும், பம்புக்குப் போகாது.

கன் பக்க இணைப்பு அடிக்கடி கெட்டால் முறுக்குதான் காரணம். காரைச் சுற்றி வரும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்கிறது, அந்த முறுக்கு கப்ளர் ரிங்கைத் தேய்க்கிறது. கன் அடியில் சுழலும் சுவிவல் ஒன்று போடுங்கள். குவிக் கப்ளர் கொஞ்சம் சுழன்றுகொடுக்கும் என்றாலும் அழுத்தத்தோடு நாள் முழுக்கச் சுழல்வதற்கு அது செய்யப்பட்டதல்ல.

எந்தப் பக்கம் பிளக், எந்தப் பக்கம் சாக்கெட் என்பதை ஒருமுறை முடிவுசெய்து எல்லா ஹோஸிலும் அதையே கடைப்பிடியுங்கள். மெஷினில் பிளக், ஹோஸின் மெஷின் பக்க முனையில் சாக்கெட், கன் பக்க முனையில் பிளக், கன்னில் சாக்கெட் என்று வைத்தால் எந்த ஹோஸையும் எந்த ஹோஸோடும் அடாப்டர் இல்லாமல் நீட்டிக்கொள்ளலாம். மண்ணில் உரசும் முனைக்குக் கழுவ எளிதான பிளக்கும், கையிலேயே இருக்கும் கன்னுக்குச் சாக்கெட்டும் வருகின்றன. கழற்றிய முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். மூடி கிடைக்காவிட்டால் பாலித்தீன் பை சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாலும் சரி.

ஓட்டம் பெரிதான மெஷினில் 3/8 வரிசைக்கு நடுவில் 1/4 கப்ளர் ஒன்றைச் செருகாதீர்கள். அந்த இடத்தில் தண்ணீர் நெருக்கிப் பாயும். அழுத்தமும் கொஞ்சம் அங்கேயே போய்விடும். 1/4-க்கு இடம் லான்ஸ் (கன்னிலிருந்து நாசில் வரை போகும் நீளக் குழாய்) முனை மட்டும்தான். 6 லிட்டர் வீட்டு மெஷினுக்கு இது பெரிய குறையில்லை.

பிளீச்சிங் கரைசலோ வீல் ஆசிடோ கப்ளர் வழியாகப் போனால், வேலை முடிந்ததும் இரண்டு மூன்று நிமிடம் நல்ல தண்ணீர் ஓட விடுங்கள். பித்தளையும் இரும்பும் அடுத்தடுத்து இருக்கும் வரிசையில் அந்த ஈரம் இரவு முழுக்கத் தங்கினால் இரும்பைத்தான் முதலில் தின்னும்.

பூச்சிமருந்து அடிக்கும் ஹெச்.டி.பி. ஸ்பிரேயரின் பி.வி.சி. ஹோஸை, மலிவாகக் கிடைக்கிறது என்று 150 பார் வாஷரில் கிளிப் போட்டு மாட்டியிருந்தால் அதை இன்றே கழற்றுங்கள். ஹோஸ் மேல் அச்சிட்ட வேலை அழுத்தம் உங்கள் மெஷினைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வெடிக்கும் அழுத்தம் என்று போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது. எந்த ஹோஸானாலும் ஓடும்போது ஓரிடத்தில் முட்டை போல உப்பினால், மெஷினை நிறுத்திக் குழாயை மூடி, டிரிக்கரை அழுத்தி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு அந்த ஹோஸை நடுவில் வெட்டிப் போடுங்கள். முழுதாகக் கிடந்தால் யாராவது எடுத்து மறுபடி மாட்டிவிடுவார்கள்.